மரத்தில் ஒட்டாத சாவு

அந்த இணையதளத்தில் மரண அறிவிப்பைப் படிக்க வேண்டுமானால் முதலில் குக்கீகளுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். சொன்னால் மின்னஞ்சல் முகவரி கேட்கும். அதையும் கொடுத்துத் தொலைத்தால் ஒரு சோபா விளம்பரம் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். அதை மூடும் பெருக்கல் குறி எறும்பு அளவுதான். இத்தனையும் தாண்டினால்தான் கறுப்புக் கட்டத்துக்குள் செத்தவரின் முகம் தெரியும். இந்தக் கண்றாவியைக் கட்டியவள் சென்கா.

நிஷ் நகரத்தில் யார் செத்தாலும் பெயரும் படமும் அடக்க நேரமும் தாளில் அச்சாகித் தெருமுனை மரத்தில் ஒட்டப்படும். ரொட்டி வாங்கப் போகிறவர்கள் மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள். இனி தாள் வேண்டாம், எல்லாம் இணையத்தில் என்று ஈமச்சடங்கு நிறுவனம் ஒன்று சென்காவின் முதலாளி ஸ்லாவ்கோவிடம் வந்தது.

சென்கா அன்றைக்கே கத்தினாள். "படிக்கப் போறது வயசானவங்க. அவங்க போன்ல இருக்கற பழைய பிரவுசர்ல இது திறக்கவே திறக்காது."

"புது போன் வாங்கட்டுமே," என்றான் ஸ்லாவ்கோ, சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி. "சும்மா படிச்சிட்டுப் போறவனால நமக்கு என்ன பிரயோஜனம்?"

அந்த விதைகளை அப்படியே அவன் வாயில் திணிக்க வேண்டும் போலிருந்தது. ஆனாலும் செய்து கொடுத்தாள்.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டு ராதோவான் மாமா இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில் நாலைந்து பேர்தான் நின்றார்கள். சவப்பெட்டியைத் தூக்க நிறுவனத்து ஆட்களே கை கொடுக்க வேண்டியிருந்தது.

"ரயில் பட்டறையில ஆயுசு முழுக்க ஒண்ணா வேலை பார்த்தவங்கடி," என்று அவர் மனைவி லியூபின்கா அழுதாள். "ஒருத்தன்கூட எட்டிப் பார்க்கலையே. அவ்வளவுதானா இவருக்கு மதிப்பு?"

"மரத்துல ஒட்டலையா அத்தை?" என்று கேட்டாள் சென்கா.

"எதுக்குத் தாளுன்னு கம்பெனிக்காரங்க கேட்டாங்க. அதான் நம்ம சென்கா செஞ்சது இருக்கேன்னு நானும் சரின்னுட்டேன் கண்ணு."

சென்கா அத்தையின் போனை வாங்கித் தளத்தைத் திறந்து பார்த்தாள். வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி: 'உங்கள் பிரவுசர் பழையது. புதுப்பித்துவிட்டு வாருங்கள்.' அந்த வரியை எழுதியவளும் அவள்தான்.

நேராக அலுவலகம் போய் ஸ்லாவ்கோவின் மேசையைத் தட்டினாள். அவன் அசரவில்லை. "அதெல்லாம் விடு. நாற்பதாம் நாள் சடங்கு வருதில்ல? மெழுகுவத்தி ஏத்தற மாதிரி ஒரு பொத்தான் வைப்போம். யார் அதிகமா ஏத்தினாங்கன்னு வரிசை போடலாம்."

"உன் சாவுக்கு வை," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

நாற்பதாம் நாளுக்கான அறிவிப்பைத் தானே ஒரு கட்டு அச்சடித்தாள். பெயர், படம், நேரம், இடம். வேறொரு இழவும் கேட்காத தாள். தெருமுனை லிண்டன் மரத்தில் அவள் பசை தடவிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு கிழவர் வந்து நின்றார். ராதோவான் மாமாவோடு பூங்காவில் சதுரங்கம் ஆடும் மியோட்ராக்.

"தள்ளும்மா, யாருன்னு பார்ப்போம்." மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். திரும்பவும் படித்தார். "நாற்பதாம் நாளா? அப்ப அடக்கம்?"

"ஆயிடுச்சு தாத்தா."

"பொய் சொல்லாத! தினமும் இந்த மரத்தைப் பார்த்துட்டுதான் போறேன். இதுல இல்லையே. மரத்துல இல்லைன்னா ஆள் உயிரோட இருக்கான்னுதானே அர்த்தம்?"

"இன்டர்நெட்ல போட்டிருந்தாங்க..."

"கடைசியா என்கிட்ட தோத்துட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டுப் போனான். அப்புறம் ஆளையே காணோம். ரோஷம் புடிச்சவன், அவனே வரட்டும்னு நானும் இருந்துட்டேன். தினமும் அவனைத் திட்டிக்கிட்டேதாம்மா காயை அடுக்கி வெச்சேன்." கிழவர் தாளை விரலால் குத்தினார். "எவன் அதை இன்டர்நெட்ல கொண்டுபோய் ஒளிச்சு வெச்சது? அவன் கையை உடைக்கணும்."

பசை ஒட்டிய கைகளைச் சென்கா மறைக்கவில்லை. "நான்தான் தாத்தா."

மியோட்ராக் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையை மட்டும் நீட்டினார்.

"பட்டறை வாசல்லயும் மரம் இருக்கு. மிச்சத் தாளைக் குடுத்துட்டு நீ போ."