முழங்கால் ஆழம்

எழுபத்திநாலாம் வருஷக் கோடை. திரேஸ்புரத்தில் கொழுந்தன் வீட்டு அடுப்படி மூலையில் குடும்பம் நடத்தியது பிலோமிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வடக்கே கடலோரமாக உடைமரம் மட்டும் முளைக்கிற மணல்காட்டில் குடியேறுகிறவர்களுக்குப் பட்டா தருவார்கள் என்று கேள்விப்பட்டதுமே சட்டி பானையைத் தூக்கிவிட்டாள். ஒரே நிபந்தனை, மழைக்காலத்துக்குள் குடிசை போட்டு நாலு தென்னையாவது பிடித்திருக்க வேண்டும். தென்னைக்கு நல்ல தண்ணீர் வேண்டுமே.

"தண்ணி எம்புட்டு ஆழத்துல கெடந்தாலும் எடுத்துருவேன், ஏளா" என்றான் புருஷன் ரோச். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவன். ஆழம் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு.

இடுப்பளவு தோண்டியதுமே ஊறிவிட்டது. குடித்துப் பார்த்த பிலோமிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. "போதும், ஏறி வாங்க" என்றாள்.

கேட்டால்தானே. மேலே கிடப்பது பொடிச் சங்கு, பெரிய சங்கு அடியில்தான் என்பது அவன் தொழிலில் படித்த பாடம். இன்னும் ஓர் ஆள் ஆழம் இறங்கினான். மறுநாள் தென்னம்பிள்ளைக்கு ஊற்றுமுன் ஒரு வாய் குடித்த பிலோமி தூவென்று துப்பினாள். ஒரே உப்பு. நல்ல தண்ணீருக்கு அடியில் கடல் தூங்கிக்கொண்டிருந்தது, இந்த மனுஷன் போய் எழுப்பிவிட்டான்.

ரோச் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "தம்பி வீட்டுக்கே போயிருவோம்."

"நீங்க போங்க. நான் வரல."

பிலோமி உப்புக் குழியை மூடினாள். சற்றுத் தள்ளி வேறு குழி வெட்டத் தொடங்கினாள். ரோச் எழுந்து வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். இங்கேயும் இடுப்பளவில் ஊறியது. முழங்கால் அளவு நிரம்பியதும் அவன் கை பழக்கதோஷத்தில் மறுபடி மண்வெட்டியை ஓங்கியது. பிலோமி சேலையோடு குழிக்குள் இறங்கிச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இனித் தோண்டணும்னா மொதல்ல என்னைத் தோண்டி எடுங்க."

ரோச் மண்வெட்டியைக் கரையில் போட்டான்.

மழைக்கு முன்னால் பட்டாவுக்கு இடம் பார்க்கத் தாசில்தார் ஆபீஸ்காரர் வந்தார். குடிசை எழும்பியிருந்தது, நாலு தென்னையும் குருத்து விட்டிருந்தன. கிணற்றை எட்டிப் பார்த்தவருக்குச் சிரிப்பு வந்தது.

"சங்குகுளிக்காரன் தோண்டின கிணறாய்யா இது? முழங்கால்தானே நனையும்."

"ஆமா ஐயா" என்றான் ரோச், பிலோமியைப் பார்த்துக்கொண்டே. "இதுக்குமேல எறங்க எனக்கு உத்தரவு இல்ல."