ஃபிளெக்ஸில் பறந்த மிராஜ்

“வலது பக்கம் இன்னும் கொஞ்சம் ஏத்துங்கண்ணா. டாடி சாயறாரு பாருங்க,” என்றாள் நிக்கோல். ஏணியில் நின்றவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டு வாசலில் ஓஸ்வால்டின் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் நிமிர்ந்து நின்றது.

முந்தின நாள் காலை, காபி கப்பைக் கீழே வைத்த மனிதர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஃபிளெக்ஸ் கடைக்காரர் போட்டோ கேட்டபோதுதான் சங்கடம். போன் முழுக்கப் போர் விமானங்கள்; சொந்த முகம் மட்டும் இல்லை. தேடிப் பிடித்த ஒரே படத்திலும் எலஹங்கா விமானக் கண்காட்சியில் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து நிற்கிறார்! “அவர் பாக்குற எடத்துல ஒரு தேஜஸ் விமானத்தப் போட்டுடுங்க,” என்று சொல்லிவிட்டாள் நிக்கோல். தேஜஸ் என்றால் டாடிக்கு உயிர்.

அந்த வீட்டில் தினமும் காலையில் ஒரு விளையாட்டு உண்டு. ஓஸ்வால்ட் போனில் ஒரு போர் விமானப் படத்தைக் காட்டுவார்; பெயர் சொல்ல வேண்டும். நிக்கோல் எதைக் காட்டினாலும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “மிராஜ்” என்பாள். ஹெலிகாப்டரைக் காட்டினாலும் மிராஜ்தான். “தப்பு, மிராஜ் மகாராணி!” என்று கத்திவிட்டு, தட்டிலிருக்கும் தோசையை மடித்து இறக்கை செய்து பாடம் எடுப்பார். அவள் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொண்டதே இல்லை. இந்த ஃபிளெக்ஸையாவது அவருக்குத் தப்பில்லாமல் செய்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

எதிர்வீட்டு கோவிந்தப்பா மாலையோடு வந்தார். அந்த விளையாட்டில் ஓஸ்வால்டுக்குப் பரம வைரி, மற்றபடி உயிர் நண்பர். ஃபிளெக்ஸைப் பார்த்துக் கும்பிட்டவர், கும்பிட்ட கையோடே கண்ணைச் சுருக்கினார்.

“அய்யோ புட்டி,” என்றார், சின்னப் பெண்ணைக் கன்னடத்தில் கொஞ்சும் வழக்கப்படி. “யாரு போட்டது இந்த பிளேனு?”

“தேஜஸ்னு சொல்லித்தான் போடச் சொன்னேன் அங்கிள்.”

“இதா தேஜஸு? உங்கப்பா எழுந்து வந்து ஒதைப்பாரு. நல்லாப் பாரு!”

நிக்கோல் ஃபிளெக்ஸை நெருங்கி நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விமானத்தை உண்மையாகவே பார்த்தாள். தோசை ஞாபகம் வந்தது. தேஜஸாக இருந்தால் இறக்கையின் முன் ஓரம் உடம்போடு சேருமிடத்தில் ஒரு மடிப்பு இருக்கும். இதில் இல்லை. சமோசா ஓரம் மாதிரி நேராக ஓடியது.

“மிராஜ்,” என்றாள்.

“கரெக்ட்!” என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார் கோவிந்தப்பா. உள்ளே ஜெபம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. சிரிப்பை அடக்கப் போய் அவருக்குக் கண்ணீர் கொட்டியது. நிக்கோலுக்கும்தான்.

“கடை பக்கத்துலதான். மாத்திட்டு வரட்டா?”

“வேணாம் அங்கிள். இருக்கட்டும்.”

சவப்பெட்டி வாசலுக்கு வந்தபோது அம்மா ஜோசஃபின் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மனுஷன் எதை இவ்வளவு ஆசையாகப் பார்க்கிறார் என்று அவளும் அண்ணாந்தாள்.

“என்ன பிளேன்டி அது?”

“மிராஜ், மம்மி.”

அழுத கண்ணோடு ஜோசஃபின் சிரித்துவிட்டாள். “இன்னிக்காவது ஒழுங்காப் பாத்துச் சொல்லேன்டி.”

நிக்கோல் மேலே பார்த்தாள். ஃபிளெக்ஸில் டாடி வாயைத் திறந்தபடி நின்றிருந்தார்.