முன் நான்கு பெட்டிகள் மலைக்கு

எங்கள் கமினோசே சந்திப்பில் ரயில் இரண்டாகப் பிரியும். நகரத்திலிருந்து எட்டுப் பெட்டியாக வரும் வண்டியில் முன் நான்கு மலைப்பக்கம் தகியாமாவுக்குப் போகும், பின் நான்கு கடல்பக்கம் இசொசாகிக்குப் போகும். இதை வண்டிக்குள்ளேயே சொல்லிவிடுகிறார்கள். பலகையிலும் எழுதியிருக்கிறது. போதாததற்கு நடைமேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நானும் சொல்கிறேன். அப்படியும் யாராவது தப்பான பாதியில் மாட்டிக்கொள்வார்கள். என் பெயர் நாகுமோ. மாட்டிக்கொண்டவர்கள் முதலில் திட்டுவது என்னைத்தான். அது என் வேலையில் ஒரு பகுதி.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்த வண்டியில், முன்பாதியின் கழிப்பறை பழுதாகியிருந்தது. பின்னால் உள்ளதைப் பயன்படுத்தவும் என்று கதவில் காகிதம் ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுக் கறுப்பு சூட் போட்ட இரண்டு பேர், தனித்தனியாக, பின்னால் போயிருக்கிறார்கள். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. பின் கழிப்பறைக்குள் ஏற்கெனவே இருந்த ஆள் இசொசாகி போகிறவர் போலிருக்கிறது. அவருக்கு அவசரமில்லை.

முன்பாதி கழன்று கிளம்பியது. அது கண்ணில் பட்டதும் இருவரும் பின்பாதியிலிருந்து குதித்து இறங்கினார்கள். ஒருவர் கையை ஆட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினார். மற்றவர் ஓடவில்லை. போகிற வண்டியை நின்று பார்த்தார். ஓடியவர் திரும்பி என்னிடம் வந்தார்.

"ஏம்மா, வண்டி பாதியாப் போகும்னு முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"சொன்னேன் சார்."

"எப்போ?"

"நீங்க கதவைத் தட்டிட்டிருந்தப்போ."

"ரொம்ப நேரம் தட்டினாரு" என்றார் மற்றவர். அவர் பேசியது அவ்வளவுதான்.

தகியாமாவுக்கு அடுத்த வண்டி நாற்பது நிமிடம் கழித்து என்றேன். அதைக் கேட்டு வருத்தப்பட அவர்களுக்கு நேரமில்லை. இருவரும் படியேறி நிலையக் கழிப்பறைக்குப் போனார்கள். இறங்கி வரும்போது நடை நிதானமாக இருந்தது.

ஓடியவரின் கைபேசி அடித்தது. அவர் பேசியது எதிர் நடைமேடைக்கும் கேட்டிருக்கும்.

"நான் கமினோசேல நிக்கிறேன்டி. நான் எங்க இறங்கினேன், வண்டிதான் என்னை விட்டுட்டுப் போயிடுச்சு. டாய்லெட்டுக்கு... ஐயோ, அதை அவங்ககிட்ட சொல்லிடாதே! ஆபீஸ்ல இருந்து போன் வந்துதுன்னு சொல்லு. ஞாயித்துக்கிழமைன்னா என்ன, ஞாயித்துக்கிழமை ஆபீஸ் தீப்பிடிக்கக் கூடாதா? ஏய், தீப்பிடிச்சுதுன்னு சொல்லாதே! வெறும் போன்னு மட்டும் சொல்லு."

மற்றவர் கோட்டுப் பைகளைத் தடவிப் பார்த்தார். கைபேசியை மேல்கோட்டோடு முன்பாதி இருக்கையில் விட்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

நடைமேடையில் நின்றபடியே சாப்பிடுகிற நூடுல்ஸ் கடை ஒன்று இருக்கிறது. தோக்கியே அக்கா நடத்துகிறார். "குளிர்ல வெறும் வயித்தோட நிக்காதீங்க, வாங்க" என்று இருவரையும் கூப்பிட்டார். வண்டி இல்லாத நேரத்தில் நானும் அந்தக் கடையோரமாகத்தான் ஒதுங்குவேன். அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது.

ஓடியவர் பெயர் கஜிதானி. ஜன்னல் திரை விற்கும் கம்பெனியில் வேலை. யாரும் கேட்காமலே சொன்னார். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, இரு வீட்டாரும் முதல்முறையாகச் சந்தித்துச் சாப்பிட தகியாமாவில் ஓட்டல் ஏற்பாடு, மனைவியும் மகனும் முந்தைய வண்டியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னார்.

"நல்ல விசேஷம்தானே, ஏன் முகம் இப்படி இருக்கு?" என்றார் அக்கா.

"பொண்ணோட அப்பாவை நினைச்சாத்தான் பயமா இருக்கு. கடை கடையாப் போய்த் தராசு சரியா இருக்கான்னு பார்க்கிற அரசாங்க உத்தியோகமாம். வீட்ல வாயே திறக்க மாட்டாராம். 'அப்பா பேசலேன்னா கோவம்னு நினைச்சுக்காதீங்க'ன்னு அந்தப் பொண்ணே முன்கூட்டிச் சொல்லி வெச்சிருக்கு. அந்த மாதிரி ஆளுக்கு எதிர்ல ரெண்டு மணி நேரம் உக்காந்து நான் என்னத்தைப் பேசுறது? மூஞ்சி எப்படி இருக்கும்னு இப்பவே தெரியுது. ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி."

மற்றவர் நூடுல்ஸை உறிஞ்சினார். "இருக்கலாம்" என்றார்.

"பொண்ணு தங்கம். அதைச் சொல்லணும். நான் சொல்ற ஜோக்குக்குச் சிரிக்குது. நான் பெத்த பிள்ளையே சிரிக்க மாட்டான்."

மற்றவரின் நூடுல்ஸ் குச்சிகள் பாதியில் நின்றன.

"சிரிக்கிறாளா?"

"சத்தமா! மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கும்."

மற்றவர் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தார். தோக்கியே அக்கா என்னைப் பார்த்தார். முன்பின் தெரியாத வீட்டுப் பெண்ணை யாரும் 'சிரிக்கிறாளா' என்று கேட்க மாட்டார்கள். ஆனால் கஜிதானி தன் நூடுல்ஸ் கிண்ணத்தில் இறாலைத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது அலுவலக அறையில் தொலைபேசி அடித்தது. முன்பாதி வண்டியின் நடத்துனர் பேசினார். ஒரு அம்மாவின் கணவரைக் காணவில்லை, பெயர் மினோதா, கறுப்பு சூட், கைபேசி இல்லை, அங்கே இருந்தால் அடுத்த வண்டியில் ஏற்றிவிடவும் என்றார்.

ஜன்னல் வழியாகக் கடையைப் பார்த்தேன். பேசாமல் நடந்து போய்க் காதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் காணாமல் போனவர்களை ஒலிபெருக்கியில் அழைக்க வேண்டும் என்பது விதி. அழைத்தேன்.

கஜிதானி கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். "மினோதாவா? அம்மா, என் சம்பந்தி பேரும் அதான்! அந்தாளும் தொலைஞ்சிட்டாரா?" என்று சிரித்து, சந்தோஷம் தாங்காமல் பக்கத்திலிருந்தவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

தட்டு வாங்கியவர் காகிதத்தால் வாயைத் துடைத்தார். "நான்தான்" என்றார்.

கஜிதானியின் உதடுகள் அசைந்தன. தான் சொன்னதையெல்லாம் மனதுக்குள் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஊறுகாய் ஜாடிக்கு வந்ததும் குனிந்தார். அக்கா கிண்ணத்தைச் சட்டென்று நகர்த்தியதால் நெற்றி பலகையில் மட்டும் இடித்தது.

"மன்னிச்சிடுங்க. நான் வந்து... பொதுவா ஊறுகாய் ஜாடியை ரொம்ப மதிக்கிறவன்."

"நிமிருங்க" என்றார் மினோதா. "சாப்பிடுங்க. ஆறிடும்."

கஜிதானி சாப்பிடவில்லை. வண்டி வரும்வரை கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்தே நின்றார். வந்ததும் முன்பாதியில் நானே அவரை ஏற்றிவிட்டேன். மினோதா ஏறவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"சார், இதுதான் தகியாமா வண்டி."

"தெரியும். அடுத்ததுல போறேன்."

கதவு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் கஜிதானி கும்பிட்டபடியே நகர்ந்து போனார்.

"ஏன் சார் ஏறலை?"

"ஆபீஸ்ல இருந்து போன் வந்துதுன்னு அவர் வீட்ல சொல்லியாச்சு. ரெண்டு பேரும் ஒண்ணாப் போய் இறங்கினா அது பொய்னு தெரிஞ்சிடும். என்கிட்ட யாராவது கேட்டா எனக்குப் பொய் சொல்லவும் வராது."

"அவர் மேல கோவம் இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு." யோசித்தார். "ஆனா அவர் சொன்னதுல தப்பு என்ன இருக்கு?"

ஓட்டலில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும். பெண்ணின் அப்பா மட்டும் இங்கே என் பெஞ்சில் இருக்கிறார். எனக்குத்தான் பதற்றமாக இருந்தது. அவர் கைகளை முழங்காலில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்:

"உங்களுக்கு ஜோக் எதாவது தெரியுமா?"

எனக்குத் தெரியாது என்றேன். கடைக்குள்ளிருந்து தோக்கியே அக்கா எனக்குத் தெரியும் என்றார். வாத்து வாங்கப் போன பல் டாக்டரைப் பற்றிய ஜோக். மினோதா எழுந்து போய்ப் பலகையருகே நின்று கேட்டார். சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். பிறகு அவரே சொல்லிப் பார்த்தார். "வாத்துங்கிற இடத்துல கொஞ்சம் நிறுத்துங்க சார்" என்று அக்கா திருத்தினார். அடுத்த வண்டி வரும்வரை அங்கே இந்தப் பாடம் நடந்தது.

மாலையில் இரண்டு குடும்பமும் மலையிலிருந்து இறங்கி வந்தன. நகரத்துக்குப் போகும் வண்டிக்கு இங்கே காத்திருக்க வேண்டும். சிஹோ என்ற அந்தப் பெண் இனிப்புப் பெட்டியோடு என்னிடம் வந்து, அப்பாக்களுக்காக மன்னிப்புக் கேட்டாள். என்ன ஆச்சு என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"மாமா வந்ததும் ஆபீஸ்ல இருந்து போன் வந்துதுன்னுதான் சொன்னாரு. எங்கப்பா உள்ள வந்தாரோ இல்லையோ, மாமா எழுந்து நின்னு எல்லாத்தையும் கொட்டிட்டாரு. டாய்லெட், ஊறுகாய் ஜாடி, எதையும் விடலை. அத்தைக்கு இன்னும் மூஞ்சி சிவப்பாவே இருக்கு."

"உங்கப்பா?"

"யாரும் எதுவும் பேசாம உக்காந்திருந்தோமா, அப்ப அப்பா ஒரு ஜோக் சொன்னாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பிறந்ததுலேருந்து நான் கேட்டதே இல்லை. ஏதோ வாத்துன்னு ஆரம்பிச்சாரு. வாத்துகிட்ட வந்து நிறுத்தினாரு. அப்புறம் மீதி மறந்துபோச்சு. அப்பாவுக்கு உடம்புக்கு என்னமோன்னு நான் பயந்தே போயிட்டேன்."

"யாரும் சிரிக்கலையா?"

"மாமா சிரிச்சாரு. ரொம்ப நேரம். அப்பா அவரையே பார்த்துட்டிருந்தாரு."

கல்யாணம் மே மாதம் என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளைப் பையனிடம் போனாள்.

நடைமேடையில் இரண்டு அம்மாக்களும் ஒரு பெஞ்சில் சேர்ந்து உட்கார்ந்து ஏதோ கடுமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கள் கணவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. பேச வேறு யாரும் இல்லாததால் அப்பாக்கள் இருவரும் தூணருகே ஒன்றாக நின்றார்கள். கஜிதானி கையை விரித்து விரித்து ஜன்னல் திரைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மினோதா துணியின் எடையை எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டார். கஜிதானி அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தார். வண்டி வந்து நின்றபோதும் முடிக்கவில்லை.