அரைக்காது வீடு

ஊரில் அந்த வீட்டுக்கு அரைக்காது வீடு என்று பெயர். அவர்கள் மந்தையில் பிறக்கிற குட்டிக்கெல்லாம் இரண்டு காதிலும் நுனிப்பாதியை அப்படியே கத்தரித்துவிடுவார்கள். அதுதான் அவர்கள் அடையாளம். மற்றப் பட்டிக்காரர்கள் காதில் துளை போடுவார்கள், நுனியைக் கீறிவிடுவார்கள். இவர்களுக்கு அந்தச் சில்லறை வேலையெல்லாம் ஆகாது.

ஆரம்பித்து வைத்தவர் பூட்டன். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், தாய் தகப்பன் இல்லாத பிள்ளையாக, ஒரே ஒரு நொண்டி ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாராம். அது குடித்த பிறகுதான் தான் தண்ணீர் குடிப்பாராம். குளிருக்கு அதையே கட்டிக்கொண்டு தூங்குவாராம். அந்த ஒற்றை ஆடு பெருகி, அவருக்குக் கல்யாணம் ஆவதற்குள் மலைச்சரிவே கொள்ளவில்லையாம். ஒரு நொண்டி ஆடு அப்படி எத்தனைதான் ஈன்றது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால், இப்போது அந்த வீட்டை நடத்துகிற அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அவர் தங்கை கேட்கிறவள் இல்லை. அவளுக்குப் பூட்டன் என்றால் உயிர். கல்யாணமான புதிதில் புருஷனை உட்காரவைத்து முழுக்கதையையும் சொன்னாள். அவன் வீட்டோடு மாப்பிள்ளை. மந்தை மேய்ப்பதும் தொட்டி கழுவுவதும் அவன் வேலை.

அன்று காலை பக்கத்துப் பட்டிக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"ஒரு வாரமா ஒண்ணு ஒண்ணா என் ஆடு நாலு காணோம். குளம்புத் தடம் உங்க வேலியோட நிக்குது."

அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. "ஒத்த ஆட்டுல உழைச்சு வந்த குடும்பம் இது. எங்க ரத்தத்துல திருட்டு கிடையாது" என்றவர், தங்கை புருஷனை ஓரக்கண்ணால் பார்த்தார். "வெளியில இருந்து வந்தவங்களுக்கு நான் பொறுப்பு இல்ல."

"அப்ப சாயங்காலம் போலீஸோட வரேன்" என்று பட்டிக்காரர் போய்விட்டார்.

புருஷன் வாளியும் கையுமாக நின்றான். தங்கைக்குச் சந்தேகம் தட்டியது. கொஞ்ச நாளாகவே அவன் விடிவதற்கு முன் எழுந்து போகிறான். எங்கே என்றால் மழுப்புகிறான். முழங்கால் வரை சேற்றோடு திரும்புகிறான்.

"என்னங்க, நீங்கதானா?"

அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவன் தொட்டி கழுவப் போனான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் நாக்கு தேய்ந்தா போகும்? அவளுக்கு ஆத்திரமாக வந்தது. சந்தேகம் இன்னும் ஊறியது.

திருடியிருந்தால் எங்கே ஒளித்திருப்பான்? தீவனக் கொட்டகையைக் குடைந்தாள், கம்பளி மூட்டைகளைப் புரட்டினாள். பொழுது சாய்ந்தபோது பாக்கி இருந்தது பின்பக்கத்து நோய்க் கொட்டகை மட்டும். "சொறி ஆடு கெடக்கு, கிட்டப் போகாத" என்று அண்ணி சொல்லியிருந்தாள். தங்கை தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

உள்ளே நாலு ஆடுகள். சொறியும் இல்லை, சிரங்கும் இல்லை. காதில் மட்டும் புண்ணுக்குப் போடுகிற தார் பூசியிருந்தது. முந்தானையால் ஒன்றைத் துடைத்தாள். பச்சை ரத்தம். அரைக்காது.

பிறந்த குட்டிக்குத்தான் அவர்கள் காது வெட்டுவது. வளர்ந்த ஆட்டுக்கு எதற்கு வெட்டவேண்டும்? துளையோ கீறலோ, அடுத்தவன் அடையாளம் எதுவானாலும் நுனிப்பாதியில்தான் இருக்கும். அந்தப் பாதியே போய்விட்டால் எவன் வந்து என்னுடையது என்பான்? அவள் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டாள். நொண்டி ஆடு அந்தச் சரிவை நிறைக்கவில்லை. கத்தரிதான் நிறைத்தது.

"பாத்துட்டியா?" கொட்டகை வாசலில் அண்ணன்.

"நம்ம பூட்டனும் இப்படித்தானா, அண்ணா?"

"மூத்த பிள்ளைக்கு மட்டும் சொல்றது. அப்பா எனக்குச் சொன்னாரு. இந்த வருஷம் குட்டியெல்லாம் செத்துப்போச்சு, வேற என்ன வழி?" கதவைச் சாத்த வந்தார். "வாயத் தொறக்காத. பழி உன் புருஷன் மேல போகட்டும், மேய்க்கிறதுக்கு ஆள் வேற கிடைப்பான். குடும்பத்துக்குப் பேர் போச்சுன்னா வருமா?"

மேய்க்கிற ஆள். அவள் புருஷனை அவ்வளவுதான் மதித்திருக்கிறார்! அண்ணனைத் தள்ளிக்கொண்டு ஆடுகளை முற்றத்துக்கு ஓட்டினாள். அண்ணன் தடுக்கக் கை நீட்டியவர், வீட்டு வாசலில் பட்டிக்காரரோடு போலீஸ்காரரைக் கண்டதும் கையை இறக்கிக்கொண்டார். பட்டிக்காரர் நாக்கைச் சொடுக்கினார். நாலு ஆடும் கத்திக்கொண்டு அவர் காலடிக்கு ஓடின.

"வெட்டினது யாரு?" என்றார் போலீஸ்காரர்.

"எங்க அண்ணன்" என்றாள் தங்கை. அண்ணி உள்ளே ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

எல்லாரும் போனபிறகு புருஷன் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நம்ம வேலியோரம் புதுசா குளம்புத் தடம் பாத்தேன், அதப் புடிச்சுட்டுத்தான் தினம் விடியக்காலைல போனேன். நேத்துத்தான் கொட்டகையக் கண்டுபிடிச்சேன்."

"அப்புறம் ஏங்க சொல்லல? நான் கேட்டேனே!"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"மாட்டேன்" என்றாள்.