ஓட்டுநர் இருக்கைக்கு இடப்பக்கம்

பழைய ராணுவ டாங்கின் மூடியைத் தூக்கிக் காலை உள்ளே விட்டதும் சேனாபதிக்குப் பெயின்ட் தின்னர் வாடை அடித்தது. கூடவே சந்தன வாடை.

ஓட்டுநர் இருக்கையில் இறங்கி உட்கார்ந்து இடப்பக்கம் திரும்பினார். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. நடுவில் மூன்று விரல் விபூதிப் பட்டை. பக்கத்தில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

அங்கே வரைந்திருந்த குதிரையைக் காணோம்.

"ஏனுங்க, பாத்தீங்களா?" வெளியிலிருந்து மனைவி வசந்தாமணி கேட்டாள். "நேத்து நீங்க பேட்டரி வாங்கப் போனீங்கல்ல, அப்ப உள்ள எறங்கி கிளீன் பண்ணிட்டனுங்க. என்ன அழுக்கு! இடப்பக்கம் ஏதோ நீலக் கறை. அதுதான் போவனாங்குது. தின்னர் ஊத்தித்தான் போச்சு."

அவர் வெள்ளைச் சுவரை விரலால் தடவினார்.

அது இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சிறிய டாங்க். அந்த ரகத்தில் இன்னும் ஓடுபவை மிகக் குறைவு. போர் முடிந்ததும் வால்ட்டர் என்ற டெக்சஸ் விவசாயியின் அப்பா அதை வாங்கி, பீரங்கியைக் கழற்றிவிட்டு, நிலத்தில் மண்டிக் கிடந்த மெஸ்கீட் மரங்களை வேரோடு பிடுங்கப் பயன்படுத்தினார். நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் பங்காளி அந்த மரம். அப்பா மரம் பிடுங்கும்போது வால்ட்டரின் தங்கை ரூத் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் சுவரில் நீலக் கிரேயானால் ஒரு குதிரை வரைந்தாள். கண்ணை மட்டும் அழுத்திக் குத்தினாள். அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள்.

டாங்கை விற்கும்போது வால்ட்டர் டார்ச் அடித்துக் காட்டினார். "மற்றதையெல்லாம் உன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள், சேனா. இதை மட்டும் தொடாதே. அவள் கை பட்டது என்று எங்களிடம் வேறு எதுவும் இல்லை."

தொடமாட்டேன் என்று சேனாபதி கையைப் பிடித்துச் சொன்னார்.

சொன்னபடியே இருந்தார். குதிரையின் மேல் ஒரு அட்டையை வைத்து மறைத்தார். டெக்சஸில் ஃபுல்ஷியர் என்ற ஊரில் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் மூன்று வருடம் வேலை நடந்தது. எஞ்சினை இறக்கினார், சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிகளைப் பூட்டினார், உள்ளே எங்கும் வெள்ளை அடித்தார். அட்டை அப்படியே இருந்தது. போன வாரம் இருக்கையைப் பொருத்த இடைஞ்சலாக இருந்ததால் அதை எடுத்தார். திரும்ப வைக்கவில்லை.

வசந்தாமணியிடம் அவர் எதுவும் சொன்னதில்லை. தொடக்கத்தில் அவள் காப்பியோடு ஷெட்டுக்கு வந்து, "இதென்னங்க, இதெதுக்கு?" என்று கேட்பாள். "சொன்னா உனக்குப் புரியாது, கண்ணு" என்பார், தலையைத் தூக்காமல். பிறகு காப்பி ஷெட்டு வாசல் பெஞ்சில் வந்து உட்கார ஆரம்பித்தது. அவள் வரவில்லை. யாராவது அவரைத் தேடினால், "சின்ன வீட்டுல இருக்கறாரு" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

இந்த வாரம் அவளாகவே வந்தாள். "ஆயுத பூஜைய ஷெட்டுலயே வெச்சுக்கலாமுங்க. எங்கப்பா பட்டறைல லேத்தெல்லாம் நாந்தான் தொடைப்பேன், தெரியுமில்ல?" அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. பூஜையைச் சனிக்கிழமைக்குத் தள்ளினார்கள். டாங்க் அன்று முதல்முறையாக வெளியே ஓடும். வால்ட்டரையும் கூப்பிட்டார்.

அவள் வந்த அன்றைக்காவது குதிரையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்.

மூடி வழியாக வசந்தாமணி எட்டிப் பார்த்தாள். புதுப் புடவை. நகக்கண்ணில் இன்னும் கரி இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அங்க ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்குது."

பதினொரு மணிவாக்கில் செல்வராஜ் வந்தான். பக்கத்துத் தெருக்காரன், சேனாபதியோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவன். டாங்கின் நெற்றியில் இருந்த சந்தனத்தையும் சாமந்தி மாலையையும் பார்த்தான்.

"பேரு சேனாபதின்னு வெச்சப்பவே உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குண்ணா. நம்ம குடியிருப்புச் சங்கத்து HOA-காரன் பாத்தா சரண்டர் ஆயிருவான்."

"எலுமிச்சம்பழத்த வைப்பா, பேசாம" என்றாள் வசந்தாமணி.

அவன் இரண்டு சங்கிலிகளுக்கும் முன்னால் பழத்தை வைத்தான்.

வால்ட்டரின் பிக்கப் வண்டி வந்து நின்றது. எண்பது தாண்டியவர், கையில் தடி. தோட்டத்துப் பெக்கான் கொட்டை ஒரு பை கொண்டு வந்திருந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு டாங்கைச் சுற்றி நடந்தார். சங்கிலியைத் தடியால் மெல்லத் தட்டினார். வசந்தாமணி அவருக்குச் சுண்டல் கொடுத்தாள்.

"என் முழங்காலை வைத்துக்கொண்டு மேலே ஏற முடியாது, சேனா" என்றார். "நீ இறங்கி ஒரு படம் எடுத்துக் கொடு. குதிரையைப் பார்க்கத்தான் வந்தேன்."

சேனாபதி ஏறி உள்ளே இறங்கினார். போனைக் கையில் வைத்துக்கொண்டு விபூதிப் பட்டையின் எதிரே உட்கார்ந்தார். யாரோ பெயின்ட்காரன் செய்த தவறு என்று பொய் சொல்லலாம். துரு ஏறி உதிர்ந்துவிட்டது என்று சொல்லலாம். வெளியே வால்ட்டர் பேசுவது மூடி வழியாகக் கேட்டது. நிதானமான குரலில் வசந்தாமணிக்குத் தங்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கிரேயானைப் பற்றி. காய்ச்சலைப் பற்றி.

"நீலமா?" வசந்தாமணி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நீலக் குதிரை, அம்மா. ஓட்டுநர் இருக்கைக்கு இடப்பக்கம்."

எழுந்து தலையை வெளியே நீட்டி, தப்பு என்மேல்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். சேனாபதி எழவில்லை.

"நான் துடைத்துவிட்டேன்" என்றாள் அவள். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள். "நேற்று. பூஜைக்காக. அழுக்கு என்று நினைத்தேன். மன்னியுங்கள்."

சேனாபதி ஏறி வந்தபோது வால்ட்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்தார். வசந்தாமணியின் கையைப் பிடித்து, "உங்கள் தப்பு இல்லை, அம்மா" என்றார். பிறகு மேலே பார்த்தார்.

"நீ இவளிடம் சொல்லவே இல்லையா?"

சேனாபதி டாங்கின் மேலேயே நின்றார். வால்ட்டர் தடியை ஊன்றிப் போனார். பிக்கப் தெருமுனையில் திரும்பும்வரை செல்வராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் வீட்டுக்குப் போய்ட்டு வர்றேண்ணா" என்று அவனும் கிளம்பினான்.

வசந்தாமணி தேங்காய் மூடிகளைத் தட்டில் எடுத்து வைத்தாள். விளக்குக்கு எண்ணெய் விட்டாள்.

"வசந்தா."

"காலைல கேட்டனுங்க. ஒண்ணுமில்லன்னீங்க."

"நீ மனசு நோவியேன்னுதான்..."

"மூணு வருசமாவுமா?"

அவர் கீழே இறங்கினார். எலுமிச்சம்பழங்கள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

"ஒரு புள்ளி மட்டும் போகலைங்க" என்றாள் அவள், திரும்பாமல். "பெயின்ட்டுக்குள்ள எறங்கியிருந்துச்சு. எவ்வளவு தேய்ச்சும் போகல. அதுமேலதான் பொட்டு வெச்சேன்."

அது குதிரையின் கண் என்று அவருக்குத் தெரியும். அவளிடம் சொன்னார். அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

அவர் ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"பொட்ட நீங்களே தொடைங்க" என்றாள். "தொடைச்சுட்டு, கண்ணு இருக்குதுன்னு வால்ட்டருக்கு நீங்களே ஃபோன் பண்ணுங்க."