தறிக்குழிக்குள் தோல் ஆகாது

என் வீட்டுக்காரர் நாகபூஷணம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து கணுக்கால் எலும்பை உடைத்துக்கொண்டார். திருப்பதி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டைப் பிரித்ததும், கயிறு போட்டு இறுக்குகிற தோல் பட்டை ஒன்று கொடுத்தார்கள். மூட்டு மறுபடி பிசகாமல் அது காக்குமாம். எங்கள் ஊர் நகரி மதராஸோடு சேருமா, ஆந்திராவிலேயே இருக்குமா என்று தெருவே அடித்துக்கொண்டிருந்த சமயம். எனக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. இவர் கால் மறுபடி தறி மிதித்தால் போதும்.

மிதிக்க முடியவில்லை. தறியிலிருந்து எழுந்தால் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது.

"இந்தக் கால் அவ்ளோதாமே. தறியைக் கேட்டுக்கினு கீற ரங்கையாவுக்கே வித்துட்லாம்," என்றார். புதன்கிழமை வண்டி கொண்டுவரச் சொல்லி ஆளும் அனுப்பிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் திங்கட்கிழமையே அவரைத் திருப்பதிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"பட்டை போடறியா?" என்றார் டாக்டர்.

"போட்டுக்கினுதான் கீறேன் சார்."

"தறியில உக்காரும்போது?"

இவர் விழித்தார். "அது தோலாச்சே சார். அத்தோட எப்டி சார் குழியில எறங்கறது?"

எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை. தறி எங்களுக்குச் சாமி. செருப்பை வாசலில் விடுகிறவர்கள், தோலைக் காலில் கட்டிக்கொண்டு, மிதிக்கட்டை இருக்கிற தறிக்குழியில் இறங்குவோமா?

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏமய்யா, சும்மா இருக்கும்போது பட்டை, மிதிக்கும்போது வெறுங்காலா? மிதிக்கிறப்போதான் அது வேணும். தோல் ஆகாதுன்னா கெட்டித் துணியில தெச்சுக் கட்டு. ரெண்டு பக்கமும் மூங்கில் பத்தை வை. எலும்பு நல்லாத்தான் கூடியிருக்கு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வீடு முழுக்கத் துணி. நெய்கிற எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை பாருங்கள்!

அன்று சாயங்காலமே துணியை நாலாக மடித்து, மூங்கில் பத்தை செருகித் தைத்துக் கட்டிவிட்டேன். மறுநாள் காலையில் இவர் குழியில் இறங்கினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்து மேலே வந்ததும் கட்டை அவிழ்த்து அமுக்கிப் பார்த்தேன். கணுக்கால் மொழி எலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. வீக்கம் இல்லை. வாய்விட்டு அழுதேன்.

"இன்னாமே, நல்லாயிட்டா அழுவுற?" என்றார்.

புதன்கிழமை ரங்கையா வண்டியோடு வந்து நின்றார். இவர் மிதியை நிறுத்தவில்லை. குழியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"அம்சவேணி, ரங்கையாவுக்கு மோர் குடுத்து அனுப்புமே. பாவம், வண்டி சும்மாப் போவுது."