வெறுங்குடம்

பறை முன்னே போக, பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கக் கிளம்பிய கூட்டத்தைத் தெருமுனையிலேயே கைகாட்டி நிறுத்தினார் ஐயாவு. மிராசுதார் இராஜாங்கத்தின் கார்வாரி அவர். பண்ணை வேலை எல்லாம் அவர் சொற்படிதான்.

“வைரக்கண்ணு, ஆத்துலதான் சொட்டுத் தண்ணி இல்லையேப்பா. பம்புசெட்டப் போட்டுவிடச் சொல்லி மிராசுதார் ஐயாவே உத்தரவு குடுத்துட்டாரு. எத்தனை குடம் வேணும்னாலும் பிடிச்சுக்க. உங்கம்மாவ நல்லபடியாக் குளிப்பாட்டி அனுப்பு.”

வைரக்கண்ணு மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அம்சத்தின் இடுப்பில் மாமியார் வேம்புவின் பித்தளைக் குடம் இருந்தது. அதன் அடியில் ஆற்று மணல் ஒட்டியிருந்தது. வேம்பு நேற்றுக் காலையிலும் ஆற்றுக்குப் போயிருந்தாள், காய்ச்சலோடு.

பல வருஷத்துக்கு முன்பு, ஆற்றுப் படித்துறைக்குத் தெருச்சனம் போகிற வழியில்தான் மிராசுதார் தென்னங்கன்று வைத்தார். விவசாயக் கூலிச் சங்கத்துக்காரர்கள் கொடி பிடித்தார்கள். “உங்க ஆட்சிதானே நடக்குது, மனு குடுத்துப் பாருங்களேன்” என்று சிரித்தார் ஐயாவு. கொடுத்தார்கள். பார்வையிட வந்த அதிகாரி பண்ணையில் இளநீர் குடித்துவிட்டு, “சனம் நடக்கிற வரைக்கும் இது வழி. புல்லு மண்டிப் போச்சுன்னா தோப்பு. நான் என்ன பண்றது?” என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

மற்றவர்கள் அதைக் கைவிரிப்பாக எடுத்துக்கொண்டார்கள். வேம்பு உத்தரவாக எடுத்துக்கொண்டாள்.

தெருவுக்கு அடிபம்பு வந்ததும் மற்றவர்களின் போக்குவரத்து நின்றுபோனது. வேம்பு மட்டும் போனாள். ஆறு ஓடினால் நிறைகுடம், கோடையில் வெறுங்குடம். வழியில் முள் கிடந்தால் கழியால் தள்ளிவிட்டுப் போவாள்.

“தண்ணியில்லாத ஆத்துக்குக் குடத்தத் தூக்கிக்கிட்டு எங்க போறே வேம்பு?” என்பார் ஐயாவு.

“ஆத்துல தண்ணி இல்லாட்டிப் போவுது. எனக்குக் கால் இருக்குல்ல கார்வாரி ஐயா?”

இப்போது வைரக்கண்ணு குரலைத் தாழ்த்தினான். “பம்புசெட்டுலயே பிடிச்சுக்கலாமா புள்ள?” அவன் உழுவது மிராசுதாரின் குத்தகை நிலம்.

“அத்தையால இன்னிக்கு நடக்க முடியாது. நாமளும் நடக்கலைன்னா?”

அம்சம் ஐயாவுவிடம் திரும்பினாள்.

“ஐயா பெரிய மனசு பண்ணிச் சொன்னாங்க. ஆனா எங்களுக்கு ஆத்துத் தண்ணிதாங்க வேணும்.”

“அங்க ஏதுடி தண்ணி?”

“மணலுக்கு அடியில இருக்குங்க. தோண்டிக்குறோம்.”

வைரக்கண்ணு தலையைக் குனிந்தபடி நடக்கத் தொடங்கினான். பறை மறுபடி எழுந்தது.

தோப்புக்குள் இருபுறமும் புல் காய்ந்து மண்டிக் கிடக்க, நடுவே வகிடு எடுத்தாற்போல ஓடியது தடம். ஒற்றைப் பெண்ணின் கால் போட்டது. பாதி தூரத்தில் அதன் குறுக்கே கருவேல முள் கட்டு. பறை நின்றது.

பின்னாலேயே வந்த ஐயாவு தொண்டையைச் செருமினார். “நேத்து சாயங்காலம் போட்டது” என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முள்ளை ஓரமாக இழுத்துப் போட்டார். குத்திய விரலை வாயில் வைத்து உறிஞ்சியபடி, “அடங்காத பொம்பள” என்றார்.

அவர் திட்டுவதாக யாருக்கும் தோன்றவில்லை.

மணலைத் தோண்டி, ஊறி வந்த கலங்கல் தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு, துணியில் வடிகட்டி நிரப்பினார்கள். அந்தத் தண்ணீரில்தான் வேம்பு குளித்தாள். காலைக் கழுவும்போது அம்சத்துக்கு வெகுநேரம் பிடித்தது. பித்தவெடிப்பில் ஏறியிருந்த மண் தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் ஆண்கள் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போனதும் அம்சம் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எதிர்வீட்டு நாகம்மாள் வாசலில் நின்றிருந்தாள்.

“எங்கடி?”

“ஆத்துக்குக்கா.”

“தண்ணி இருக்கா?”

“இல்லக்கா.”

நாகம்மாள் உள்ளே போய்த் தன் அலுமினியக் குடத்தை எடுத்து வந்தாள். அதிலிருந்த தண்ணீரை வாசல் முருங்கைக்கு ஊற்றிவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“நட.”